பழஞ்சுவரும் புதுவண்ணமும்

மழைக்காலம் நீங்கித் தலைநகரின் வானம் தெளியத் தொடங்கியதும் நம்மவர் இல்லங்களில் ஒரு பேச்சு எழுகின்றது. தீபாவளிக்குள் வீட்டிற்கு வண்ணம் பூசிவிட வேண்டும் என்பதே அப்பேச்சு. கடையிலிருந்து வண்ண அட்டைகள் வந்து சேர்கின்றன. கூடத்திற்குச் சந்தன நிறம் ஏற்றதா, இளம்பச்சை ஏற்றதா என்று குடும்பம் முழுவதும் கூடியிருந்து பத்து நாள் ஆராய்கின்றது. ஆனால், அவ்வண்ணத்தைத் தாங்கப் போகும் சுவர் எந்நிலையில் உள்ளது என்று பார்ப்பதற்குப் பத்து நிமிடமும் ஒதுக்கப்படுவதில்லை. விளைவு யாது? பொங்கலுக்குள் சன்னலின் கீழே கொப்புளம் கிளம்புகின்றது. அடுத்த மழைக்குள் சுவரின் அடிப்பகுதி தோலுரிந்து நிற்கின்றது. பழி முழுவதும் வண்ணத்தின் மேலும், அதனைப் பூசிய ஏழைத் தொழிலாளி மேலும் விழுகின்றது.

முப்பது ஆண்டுகளாகத் தில்லியில் வாழ்ந்து, வாடகை வீடுகள் ஐந்தினை மாறி, இப்பொழுது யமுனைக்குக் கிழக்கே பழைய கூட்டுறவுக் குடியிருப்பு ஒன்றில் நிலைபெற்றிருக்கும் எங்களுக்கு, இவ்வேலையில் ஓரளவு பழக்கம் ஏற்பட்டுள்ளது. அப்பழக்கத்தால் நாங்கள் தெளிந்தவை இரண்டு. புது வண்ணத்தின் ஆயுள், அதன் அடியிலுள்ள பழைய பூச்சினை எவ்வாறு பண்படுத்துகின்றோம் என்பதைப் பொறுத்தது, இது முதலாவது. பழைய பூச்சினை அகற்றும் முறை பிழைபடுமாயின், கெடுவது சுவர் மட்டும் அன்று, வீட்டில் தவழும் குழந்தையின் நலமும் கெடக்கூடும், இஃது இரண்டாவது. முன்னதைப் பலரும் அறிவர். பின்னதை அறிந்தவர் மிகச் சிலரே. ஆதலின் இரண்டினையும் ஒருசேர எழுதுவது நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று கருதுகின்றோம்.

நம் ஊர்களில் போகிக்கு முன்னர் வெள்ளையடிக்கும் வழக்கத்தை நாம் அனைவரும் அறிவோம். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தாழியில் இட்டு நீற்றி, துணியில் வடிகட்டி, கஞ்சியோ வச்சிரமோ கலந்து, சிறிது நீலமும் சேர்த்து, மட்டையால் அடிப்பார்கள். அதற்கு முன் செய்யும் ஆயத்தம் சிறியது. ஒட்டடை அடித்து, உதிரும் பொருக்குகளைத் தட்டி, சுவரை நனைத்தால் போதும். அதற்குக் காரணம் உண்டு. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சிறிது சிறிதாக மீண்டும் சுண்ணக்கல்லாகவே மாறுகின்றது. அது சுவரோடு சுவராக ஒன்றிவிடுவது. சுவரிலுள்ள ஈரமும் அதன் வழியே ஆவியாக வெளியேறும்.

இன்று நாம் பூசும் எமல்ஷனும் எனாமலும் அத்தகையவை அல்ல. அவை சுவரின் மேல் மெல்லிய தோல் போலப் படர்பவை. தோல் எதன்மீது ஒட்டியிருக்கின்றதோ அதன் வலிமையே தோலின் வலிமை. அடியில் பொடியாக உதிரும் பழஞ்சுண்ணம் இருப்பின், மேலே எவ்வளவு விலையுயர்ந்த வண்ணம் பூசினும் அது பொடியோடு பொடியாக விழும். அடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருப்பின் அது பற்றாது வழுக்கும். அடியில் ஈரம் இருப்பின் அது கொப்பளிக்கும். ஊரிலிருந்து நாம் கொண்டு வந்த வெள்ளையடிக்கும் பழக்கத்தை இவ்வண்ணங்களுக்கும் அப்படியே பொருத்துவதால்தான் நம் இல்லங்களில் ஆண்டுதோறும் பொருள் வீணாகின்றது.

ஆகவே முதற்பணி, சுவரில் இருப்பது யாது என்று அறிதல். இதற்கு வல்லுநர் எவரும் வேண்டியதில்லை. மூன்று எளிய சோதனைகள் போதும். கறுப்புத் துணியைச் சற்றே நனைத்துச் சுவரில் தேயுங்கள். துணியில் வெண்பொடி திரளாக ஒட்டினால், அங்கிருப்பது சுண்ணாம்போ பழைய மட்டரக டிஸ்டெம்பரோ ஆகும். அதனை முற்றும் சுரண்டி எடுத்தே தீரவேண்டும். பொடி வரவில்லையாயின், பஞ்சில் சிறிது ஸ்பிரிட் தோய்த்து ஒரு மூலையில் தேயுங்கள். வண்ணம் இளகிப் பஞ்சில் ஏறினால் அது நீரில் கரைத்துப் பூசிய எமல்ஷன். ஏறாமல் பளபளப்போடு நின்றால் அஃது எண்ணெயில் கலந்த எனாமல். மூன்றாவதாக, கூரிய கத்தியால் பெருக்கற்குறி போல ஒரு கீறல் இட்டு, அதன்மேல் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். நாடாவோடு வண்ணமும் உரிந்து வந்தால் அப்பூச்சின் பிடிப்புத் தளர்ந்துவிட்டது என்று பொருள். உரியாமல் நின்றால் அதனை அகற்ற வேண்டியதில்லை. கழுவித் தேய்த்தாலே போதும். ஒவ்வொரு சுவரிலும் இரண்டு மூன்று இடங்களில் இவ்வாறு பார்த்தல் நன்று. ஒரே அறையில் தெற்குச் சுவர் உறுதியாகவும் வடக்குச் சுவர் உதிர்வதாகவும் இருப்பதை நாங்கள் கண்டிருக்கின்றோம்.

அடுத்தது ஓதம். இங்கே இந்தியில் 'சீலன்' என்று சொல்வார்கள். ஓதம் ஏறிய சுவருக்கு வண்ணம் பூசுவது, காய்ச்சல் கண்டவருக்குப் புத்தாடை அணிவித்து விருந்துக்கு அழைத்துச் செல்வது போன்றதாகும். முதலில் நோயின் மூலம் காணவேண்டும். மேல்வீட்டுக் குளியலறைக் குழாய் கசிகின்றதா, மொட்டைமாடியில் நீர் தேங்குகின்றதா, தரையிலிருந்தே நீர் ஏறுகின்றதா என்று அறிதல் வேண்டும். இதற்கும் ஓர் எளிய வழி உண்டு. ஓரடிச் சதுரமாக ஒரு பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு ஓரங்களையும் நாடாவினால் சுவரோடு இறுக ஒட்டி, ஒரு நாள் முழுவதும் விட்டுவையுங்கள். தாளின் உட்புறம், அதாவது சுவரை நோக்கிய பக்கம், நீர் முத்துக்கள் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகின்றது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அறையின் காற்றிலுள்ள ஈரமே குளிர்ந்து படிகின்றது. அதற்குச் சன்னலைத் திறந்து வைப்பதே மருந்து.

கசிவை அடைத்த பின்னரும் சுவர் உலரச் சில வாரங்கள் பிடிக்கும். பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் நம் அன்பர்கள் இதனைச் சிறப்பாகக் கருத வேண்டும். கடற்காற்றும் நீண்ட மழையும் உள்ள இடங்களில், மழை நின்ற மறுவாரமே வண்ணத்தைத் தொடங்குதல் பொருந்தாது. பண்டிகைக்குள் முடிய வேண்டும் என்னும் அவசரத்தில் ஈரச்சுவரின்மேல் 'நீர்புகாப் பூச்சு' என்று ஒன்றை உட்புறத்தில் அப்பிவிடுவோர் உளர். உள்ளிருக்கும் நீர் அதனால் மறைந்து போவதில்லை. அது வேறிடம் தேடிச் சென்று, அடுத்த அறையில் தலைகாட்டும்.

ஓதத்தோடு உடன்வருவன உப்பும் பூசணமும். சுவரில் வெண்பஞ்சு போல உப்புப் பூத்திருந்தால் அதனை நீரிட்டுக் கழுவலாகாது. நீரில் கரைந்த உப்பு மீண்டும் சுவருக்குள்ளேயே புகுந்துகொள்ளும். உலர்ந்த தூரிகையால் துலக்கி, முறத்தில் ஏந்தி அப்புறப்படுத்தல் வேண்டும். சில நாள் விட்டுப் பார்த்து, மீண்டும் பூத்தால் மீண்டும் துலக்க வேண்டும். கரும்புள்ளியாகப் பூசணம் படர்ந்திருப்பின், வெளுப்புக் கரைசல் ஒரு பங்குக்கு நீர் மூன்று பங்கு கலந்து தடவி, கால்மணி நேரம் கழித்து நன்றாகக் கழுவிவிடுங்கள். கையுறை அணிந்து, சன்னல்களைத் திறந்து வைத்தே இதனைச் செய்தல் வேண்டும். கழிவறை துலக்கும் அமிலத்தை இதனோடு ஒருபோதும் சேர்க்கலாகாது. சேர்த்தால் நச்சு வாயு எழும்.

மூன்றாவது பணி கழுவுதல். நம் சமையலறைச் சுவர்களை நாமே அறிவோம். நாள்தோறும் கடுகு தாளித்து, அப்பளம் பொரித்து, தோசைக்கல்லில் எண்ணெய் விட்ட புகை முழுவதும் அங்கே படிந்து கிடக்கின்றது. கண்ணுக்குத் தெரியாத அப்பிசுக்கே புதுவண்ணத்திற்கு முதற்பகை. எனாமல் பூசிய சுவராயின், வெந்நீரில் சிறிது சலவைச் சோடா கரைத்துத் தேய்க்கலாம். எமல்ஷனாயின், சோப்பு நீர் போதும். கீழிருந்து மேலாகக் கழுவிச் செல்லுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் உலர்ந்த அழுக்கின்மேல் வழிந்து கோடு கோடாகக் கறையிட்டுவிடும். இறுதியில் நல்ல நீரால் இருமுறை துடைத்துச் சோடாவைப் போக்கிவிட வேண்டும். எஞ்சிய சோடாவும் வண்ணத்திற்கு ஆகாது.

பூசையறைக்கும் வாசல் நிலைக்கும் தனிக் கவனம் வேண்டும். விளக்குக் கரி படிந்த இடத்தில் நேரே வண்ணம் பூசினால், இரண்டு மூன்று பூச்சு ஆன பின்னும் பழுப்புக் கறை மேலெழுந்து தோன்றும். வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சளும் குங்குமமும் இட்ட வாசல் நிலையை, மற்ற கதவுகளைப் போலவே எண்ணிச் சோடா நீரால் தேய்த்தால், மஞ்சள் போவதற்கு மாறாக இரத்தச் சிவப்பாக மாறும். வேலைக்காரர் அதனைக் கண்டு திகைப்பதுண்டு. நம் இல்லத்துப் பெரியவர்களுக்கு இதில் வியப்பு இராது. மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைக்கும்போது அது சிவப்பதும் இதே காரணத்தால்தான். காரப் பொருள் பட்டால் மஞ்சள் சிவக்கும். மஞ்சள் நீரில் கரையாது; ஸ்பிரிட்டில் கரையும். ஆதலின் முதலில் ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்தெடுத்து, அதன் பின்னரே மற்றக் கழுவல்களைச் செய்தல் முறை.

இனி, நாங்கள் முக்கியமாகச் சொல்ல எண்ணிய பகுதிக்கு வருகின்றோம். அது கதவு, சன்னல், இரும்புக் கம்பி, கைப்பிடி ஆகியவற்றில் உள்ள பழைய எனாமல் பற்றியது.

மஞ்சளும் சிவப்பும் ஒளிவிடுவதற்காகவும், நன்றாக மூடிப் படர்வதற்காகவும், விரைந்து உலர்வதற்காகவும் எண்ணெய் வண்ணங்களில் காரீயச் சேர்மங்களைக் கலப்பது நெடுங்கால வழக்கம். ரசம் வைக்கும் ஈயச்சொம்போடு இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டா. அச்சொம்பு செய்வதற்குரியது வெள்ளீயம்; இங்கே கூறுவது காரீயம். இது நச்சுப் பொருள். 1904ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்து மாநிலத்தில் லாக்கார்ட் கிப்சன் என்னும் மருத்துவர், குழந்தைகளைத் தாக்கிய காரீய நஞ்சுக்கு மூலம் வீட்டுத் தாழ்வாரக் கம்பிகளிலும் அறைச் சுவர்களிலும் பூசிய வண்ணமே என்று எடுத்துரைத்தார். அமெரிக்க நாடு 1978இல் வீட்டு வண்ணங்களில் இதனைத் தடை செய்தது. நம் நாட்டில் வீட்டு வண்ணங்களில் காரீயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்கிற்கு மேற்படலாகாது என்னும் விதி 2016 நவம்பரில் வெளியாகி, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது.

இவ்வாண்டுகளை நினைவில் வைத்துக்கொண்டு நம் வீட்டுக் கதவுகளைப் பார்ப்போமாக. எங்கள் குடியிருப்பு 1980களில் கட்டப்பட்டது. படுக்கையறைக் கதவின் விளிம்பில் ஒரு சில்லுப் பெயர்ந்த இடத்தில் அடுக்குகளை எண்ணினோம். மேலே வெள்ளை, அதன்கீழ் பழுப்பு, அதன்கீழ் பாசிப்பச்சை, மீண்டும் வெள்ளை, எல்லாவற்றிற்கும் அடியில் ஒளிமிக்க மஞ்சள். எங்களுக்கு முன் அங்கே வாழ்ந்தவர் எவரோ, எம்மொழி பேசியவரோ, யாம் அறியோம். ஒவ்வொரு குடும்பமும் தன் நல்ல நாளுக்கென்று பூசிய ஒவ்வோர் அடுக்கு அது. ஆனால், அவற்றுள் மேலடுக்கு ஒன்று நீங்கலாக ஏனைய நான்கும் 2017க்கு முற்பட்டவை. அவற்றில் காரீயம் இல்லை என்று சொல்ல எவராலும் இயலாது. இருக்கின்றது என்றே கொண்டு நடப்பதுதான் அறிவுடைமை.

உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய பூச்சு அங்கே இருக்கும் வரையில் தீங்கு குறைவு. அதனைத் தூளாக்கும்போதே தீங்கு பெருகுகின்றது. உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தாலும், மின்கருவியால் தேய்த்தாலும், தீயால் பொசுக்கினாலும் காரீயம் புழுதியாகவோ புகையாகவோ பரவும். கண்ணுக்குத் தெரியாத அப்புழுதி தரையிலும், படுக்கையிலும், பொம்மையிலும் படியும். தவழும் குழந்தையின் கை தரையில் ஊன்றும். அதே கை வாய்க்குப் போகும். உட்கொண்ட காரீயத்தில் பெரியவர் உடல் ஏற்பதைப்போல நான்கைந்து மடங்கு குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்ளும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது. இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இதற்கு இல்லை என்றும் அது கூறுகின்றது. கெடுவது மூளையின் வளர்ச்சி. கல்வியில் மந்தமும் நடத்தையில் மாறுதலும் பின்னாளில் தோன்றலாம்; தொடக்கத்தில் வெளிக்குறி எதுவும் தெரியாமலே இருக்கக்கூடும். கருவுற்ற பெண்டிரும் அப்புழுதியிலிருந்து விலகியிருத்தல் வேண்டும்.

எங்கள் வீட்டில் அப்பொழுது பத்து மாதப் பேரன் இருந்தான். சன்னல் விளிம்பைப் பிடித்து எழுந்து நிற்கவும், அவ்விளிம்பையே ஈறால் கடிக்கவும் பழகியிருந்த பருவம். வண்ணவேலைக்கு வந்த குத்தகைக்காரர், "மின்கருவி கொண்டு வந்தால் ஆறு கதவும் ஒரே நாளில் முடிந்துவிடும் ஸாப், எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்கின்றோம்" என்றார். நாங்கள் இசையவில்லை. நீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும் என்றோம். அப்படியானால் நாள் கூடும், தொகையும் கூடும் என்றார் அவர். பேச்சு நீண்டது. அவருடன் வந்திருந்த முதிய தொழிலாளி ஒருவர் அதுவரை ஒன்றும் பேசாமல் நின்றார். எங்கள் இல்லத்தரசியார் அவரை நோக்கி, "மிஸ்திரிஜி, நீங்கள் சொல்லுங்கள், நீர் தொட்டுத் தேய்த்தால் வேலை கெடுமா?" என்று கேட்டார்.

"வேலை கெடாது மாதாஜி, இன்னும் வழவழப்பாகத்தான் வரும். குத்தகை என்றால் நாங்கள் ஓடி ஓடி முடிக்க வேண்டும்; அதனால்தான் உலரத் தேய்க்கின்றோம். தூசி அடித்த அன்று இரவெல்லாம் எனக்கு இருமல்" என்றார் அவர்.

அச்சொல் எங்களுக்கு ஒன்றைத் தெளிவாக்கிற்று. இப்புழுதியைக் கிளப்புவது தொழிலாளியின் அறியாமை அன்று. நாம் பேசும் குத்தகைத் தொகை. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிவிட்டு, தீபாவளிக்கு முன்னாள் முடித்துக் கொடு என்றும் நெருக்கினால், அவர் உலரத்தான் தேய்ப்பார். ஆதலின் கதவு சன்னல்களின் ஆயத்த வேலையை மட்டும் குத்தகையிலிருந்து பிரித்து, நாட்கூலியாகப் பேசி முடித்தோம். நான்கு நாள் ஆயிற்று. கூடிய செலவு மூன்று நாட்கூலியே. ஒரு குழந்தையின் அறிவுக்கும் ஒரு முதியவரின் நெஞ்சுக்கும் அது பெருந்தொகை அன்று.

வேலை நடந்த முறையையும் கூறிவிடுகின்றோம். மகளும் பேரனும் அந்த வாரம் முழுவதும் நகரின் மறுகோடியிலுள்ள சம்பந்தியார் இல்லத்தில் தங்கினார்கள். ஒரு நேரத்தில் ஓர் அறை என்று வகுத்துக்கொண்டோம். அவ்வறையின் பாத்திரம், துணி, படுக்கை, பொம்மை யாவும் வெளியேற்றப்பட்டன. தரையில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு விரித்து, அறைவாயிலையும் மற்றொரு விரிப்பினால் மூடினோம். மின்விசிறி நிறுத்தப்பட்டது. உரிந்து தொங்கிய பகுதிகளை நீர் தெளித்துச் சுரண்டினார்கள். உறுதியாக இருந்த பகுதிகளில் பளபளப்பு மங்கும் அளவிற்கு மட்டும், 'வாட்டர் பேப்பர்' எனப்படும் நீர்த்தாளை வாளி நீரில் தோய்த்துத் தேய்த்தார்கள். பழைய அடுக்கு முழுவதையும் மரம் தெரியும் வரை உரித்தெடுக்க வேண்டும் என்பது இல்லை. உறுதியாக நிற்பதை நிற்கவிட்டு, அதன்மேல் பூசி மூடிவிடுவதே புழுதியைக் குறைக்கும் வழி. ஆனால், சட்டத்தோடு உரசி உரசித் தானே தூளாகும் சன்னல் விளிம்புகளையும், குழந்தையின் வாய்க்கு எட்டும் இடங்களையும் நன்றாகப் பண்படுத்தல் வேண்டும்.

தேய்த்த குழம்பு உலருமுன் ஈரத்துணியால் துடைத்து, அத்துணிகளையும் சில்லுகளையும் பையில் கட்டி அப்புறப்படுத்தினோம். மாலையில் துடைப்பத்தால் பெருக்கவில்லை. பெருக்கினால் புழுதி மீண்டும் எழும். சோப்பு நீரால் தரையை ஒருமுறையும், நீரை மாற்றி நல்ல நீரால் மறுமுறையும் துடைத்தோம். தொழிலாளர்கள் என்-95 முகக்கவசம் அணிந்தார்கள். உண்பதற்கு முன் கையும் முகமும் கழுவிக்கொள்ளச் சோப்பும், மாற்றுத் துணி வைக்க இடமும் கொடுத்தோம். வேலைத் துணியோடு வீடு சென்றால் அவர் வீட்டுக் குழந்தைக்கும் அப்புழுதி போய்ச் சேரும் அன்றோ? இரும்புக் கம்பிகளை நனைத்துத் தேய்த்தால் விரைவில் துருவேறும். ஆதலின் உடனே துடைத்து உலர்த்தி, அன்றே துருத்தடுப்புப் பூச்சுப் பூச வேண்டும். இந்நாளில் அதற்கு வழங்கும் 'ரெட் ஆக்ஸைடு' என்பது இரும்பின் சேர்மம். முற்காலத்துச் செவ்வீயத்தூள் வேறு. புதிய எனாமல் வாங்கும்போதும், காரீய அளவு 90க்கு மேற்படவில்லை என்று டப்பாவின்மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குதல் நன்று.

முன்னரே உலரத் தேய்த்த வீட்டில் சிறு குழந்தை இருந்து, பெற்றோர்க்கு ஐயம் தோன்றுமாயின், குழந்தை மருத்துவரிடம் கூறி இரத்தத்தில் காரீய அளவைச் சோதித்துக்கொள்ளலாம். கலங்கிக் கிடப்பதைவிட அறிந்துகொள்வது மேல்.

கழுவுதலும் தேய்த்தலும் முடிந்தபின் எஞ்சுவது பட்டி பார்த்தல். மயிரிழை வெடிப்பின்மேல் அப்படியே பட்டியைத் தடவினால் அது நில்லாது. கத்தி முனையால் வெடிப்பைச் சற்றே அகலப்படுத்தி, பொடியை ஊதாமல் ஈரத் தூரிகையால் துடைத்தெடுத்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை நிரப்ப வேண்டும். முன்னிருந்தோர் படம் மாட்டிய ஆணித்துளைகளும் அவ்வாறே. வெள்ளைச் சிமெண்டுப் பட்டி சுவருக்கே உரியது; மரத்திற்கு அதற்கான பட்டி வேறு. தில்லியில் பலரும் விரும்பும் பாரிஸ் சாந்து, ஓதமுள்ள சுவருக்கு ஏற்றதன்று. பளபளக்கும் எண்ணெய் வண்ணத்தின்மேல் எப்பட்டியும் பற்றாது; முதலில் சொரசொரப்பாக்கிக்கொள்ள வேண்டும். பட்டியை ஓரிரவு உலரவிட்டு, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இங்கே கடையில் 'ரேக்மால்' என்று கேட்டால் தருவார்கள். தாளின் எண் கூடக்கூட அது மென்மையாகும். 180இல் தொடங்கி 320இல் முடித்தல் பொதுவழக்கு. இரவில் ஒரு விளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால், பகலில் தெரியாத மேடுபள்ளம் அனைத்தும் நிழலாகத் தெரியும். அதன் பின்னர் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்ததும் பிரைமர் பூச வேண்டும். பட்டி பார்த்த இடத்தில் பிரைமர் விடுபட்டால், அவ்விடம் வண்ணத்தை மிகுதியாக உறிஞ்சித் தேமல் போலத் தோன்றும்.

வேலை பேசும்போது 'இரண்டு பூச்சு வண்ணம்' என்று மட்டும் எழுதிக்கொள்ளாமல், சுரண்டல், கழுவல், பட்டி, தேய்ப்பு, பிரைமர் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டிக்கு முன்னர் ஒருமுறையும் பிரைமருக்கு முன்னர் ஒருமுறையும் நாமே பார்த்த பிறகே அடுத்த படி தொடங்க வேண்டும் என்று சொல்லிவையுங்கள். வண்ணம் மூடிய பின்னர் அடியிலிருப்பதை எவரும் காண முடியாது.

பணிமாற்றம் பெற்று ஊர்விட்டு ஊர் செல்லும் நம்மவர்க்கு மற்றொன்றும் சொல்லத் தோன்றுகின்றது. புதிய வாடகை வீட்டின் கதவுகளில் பழம்பூச்சு உரிந்திருக்கக் கண்டால், சாமான்கள் வந்திறங்குமுன், குழந்தைகள் அடியெடுத்து வைக்குமுன், வீட்டுக்காரரின் இசைவு பெற்று ஈரத்தேய்ப்பையும் துடைப்பையும் முடித்துவிடுங்கள். வெற்று வீட்டில் இரண்டு நாளில் முடியும் வேலை, குடியேறிய வீட்டில் ஒரு வாரம் பிடிக்கும். வாடகை வீடுதானே, நமக்கென்ன என்று எண்ண வேண்டா. சுவர் வீட்டுக்காரருடையது, அச்சுவரின் புழுதியை மூச்சில் இழுப்பவர் நாம்.

இவ்வாண்டு வண்ண அட்டையைக் கையில் எடுக்குமுன் ஈரத்துணி ஒன்றை எடுத்துச் சுவரைத் துடைத்துப் பாருங்கள். கதவின் விளிம்பில் எத்தனை அடுக்கு என்று எண்ணிப் பாருங்கள். பத்து நாள் வேலை என்றால் ஏழு நாளை ஆயத்தத்திற்கே கொடுங்கள். தவழும் குழந்தை உள்ள வீடாயின், நீர் நிறைந்த வாளியை முதலில் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதன் பிறகே தாளைக் கையில் எடுக்கச் சொல்லுங்கள்.